ஒரு சைஸ் பெரிய டிரம்

"டிரம் என்ன பனியனாங்க மாமா, வளர்ந்தா சரியாப் போகும்னு பெருசா எடுக்க?"

நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகும் பஸ்ஸில், மகளுக்கு வாங்கிய காங்கோ டிரம்மை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்தவரைப் பக்கத்து சீட்டில் துணைக்கு வந்த இளைஞர் கேட்டார்.

"அப்படித்தானுங்க மாப்ள எடுத்தேன். கடைக்காரர் குட்டையா ஒண்ணு காட்டுனாரு. வளர்ற புள்ளதானேன்னு நான்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன்."

"பாப்பா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"எட்டலீங்கப்பா, தோள் வலிக்குதுன்னுச்சு. போகப்போகப் பழகிரும்னேன். சர்ச்சுல வாசிக்கறதையே உட்டுருச்சு."

"அதான் இப்ப கடையில குடுத்து மாத்தப் போறோமுங்களே. குட்டையா இருந்தா மறுபடி வாசிக்கும்."

"கேட்டேனுங்க. 'எனக்கு வேண்டாம், தம்பிக்குக் குடுங்க'ன்னுச்சு."

அவரே தொடர்ந்தார்.

"'அவன் வலிக்குதுன்னா, பழகிரும்னு மட்டும் சொல்லீராதீங்கப்பா'ன்னுச்சு."