பதினொண்ணு புள்ளி நாலு

இல்லங்க மேடம், ஊசிக்குப் பயந்து பேசல. வாய் சும்மா இருந்தா நெஞ்சு படபடங்குது, அதான். இந்தக் கையிலயே எடுங்க. பேரு ஜெக்கரியா, ஊரு பேராவூரணி. ஆறாம் நம்பர் பெட்டு ஜாஃபர் சாதிக் என் தம்பி. ஆமா, ரத்தப் புத்துநோய். அவனுக்கு ஏத்தத்தான் ரத்தம் குடுக்க வந்தேன்.

எனக்கும் யூரிக் ஆசிட் பாத்துடுங்க. எதுக்கா? அவனுக்கு மொதல்ல அதுலதான் காட்டுச்சு. துபாய் வீசா வந்த வாரம் கால் கட்டைவிரல் வீங்கிப்போச்சு. எங்கூரு லேப்ல பாத்தா பதினொண்ணு புள்ளி நாலு. ஏழுக்கு மேல போகக்கூடாதாமே. கறி திங்காதடான்னேன். அவன் சம்சாரம் சஃபியா பத்து நாளா சுரைக்காயா ஆக்கிப் போட்டா. தட்டப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குவான்.

அதுவா? துபாய் வீசாவுக்காக மெட்ராஸ்ல எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்டு. சஃபியா அவன் ஃபைல்ல வச்சிட்டாளா. ஓ பாசிட்டிவ்னுதான் இருக்கும். இவனுக்கு பி பாசிட்டிவ்தான். தப்பாப் போட்டுட்டாங்கன்னு எழுதாதீங்க மேடம். அது என் ரத்தம்.

அந்த டெஸ்டுக்கு அவன் பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு நாந்தான் போனேன். தாடி வச்சா ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. அன்ஃபிட்னு அடிச்சிட்டா வீசா போச்சு. அத நம்பித்தான் தங்கச்சி ரசியாவுக்கு நிக்காஹ் பேசியிருந்தோம். துபாய் போன மூணாம் மாசமே எங்கூரு டெலிபோன் பூத்துக்குப் போன் பண்ணி, களைப்பா இருக்குண்ணேன்னான். வெயிலுக்குடா, மோர் குடின்னேன்.

பெரிய டாக்டர் இந்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு, போறப்ப நல்லாத்தான் இருந்திருக்கீங்க, நோய் அங்க போய்தான் வந்திருக்குங்கிறாரு. இவனும் ஆமாங்கிறான். அண்ணன் மாட்டிக்குவான்னு வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நான் பக்கத்துலயே நிக்கிறேன். மூஞ்ச எங்க கொண்டுபோய் வச்சிக்கிறது, சொல்லுங்க.

எடுத்தாச்சா? பஞ்ச நானே புடிச்சிக்கிறேன்.

அவனுக்கே தெரியாதது ஒண்ணு இருக்கு மேடம். அன்னிக்கி எங்கூரு லேப் ரிப்போர்ட்ட வாங்கப் போனது நான். அங்க இருந்த டாக்டர், கறி தின்னு மட்டும் இவ்வளவு ஏறாதுப்பா, வெள்ளணுவும் கன்னாபின்னான்னு இருக்கு, ரத்தத்துல புத்து இருந்தாலும் இப்படிக் காட்டும், நாளைக்கே தஞ்சாவூருக்கு அழைச்சிட்டுப் போன்னு சீட்டு எழுதிக் குடுத்தாரு. நான் வீட்டுக்கு வந்து கறிய மட்டுந்தான் சொன்னேன்.

இந்தாங்க, அந்தச் சீட்டு. ஒரு வருஷமா பர்ஸ்லயே இருக்கு. மடிப்புல கிழிஞ்சிருக்கும், பாத்துப் பிரிங்க.