கடதாசியில் இல்லாத பிள்ளை

கல்கிசை பஸ்ஸில் என்னோடு பதினொரு பேர் நின்றோம். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி, "கடதாசியில நாலு பேர், வீட்டில அஞ்சு பேர்" என்றாள். அவள் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் ஓர் ஆப்கான் அகதிக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறதாம்.

"நாளைக்கு அவையளுக்குக் கனடா போறதுக்கு இன்டர்வியூ. இஞ்ச பிறந்த குழந்தையைப் பதிஞ்சா ஃபைல் பிந்துமெண்டு அகதிகள் ஒபிஸுக்கு மறைச்சுப்போட்டினம்."

"அப்ப குழந்தை?"

"என்னட்டை விட்டிட்டுப் போய், பிறகு கூப்பிடுவினமாம்."

"என்ர அக்காவும் அப்பிடித்தான் மகனை எங்களிட்ட விட்டிட்டு லண்டன் போனவ. அவன் தாயிட்டைப் போய்ச் சேரேக்க மீசை முளைச்சிட்டுது."

நான் இறங்கவேண்டிய இடம் தாண்டி மூன்று தரிப்புகள் போய்விட்டன. வீட்டுக்காரி எழுந்து மணியடித்தாள்.

"எங்கையடி?"

"திரும்பிப் போறன். நாளைக்கு அவையளைக் குழந்தையோட நானே இன்டர்வியூவுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"உனக்கென்ன விசரே? ஃபைல் பிந்துமல்லே?"

"பிந்தட்டும். ஆர் அவையளை வீட்டை விட்டு எழும்பச் சொன்னது?"