வலது கை

இல்ல மேடம், அந்த சேர் ஆடும். இதுல ஒக்காருங்க. ஃபேன் காத்தும் இந்தப் பக்கம்தான் வரும்.

கை பரவால்ல மேடம். அவர் போன்ல சொன்னாரா? எங்க வீட்டுக்காரர் அப்படித்தான், கம்மியா சொன்னா ஜாஸ்தியா கேப்பாரு. மணிக்கட்டுல கட்டு போட்டிருக்குது, அவ்ளோதான். அவ்ளோ தூரத்துலருந்து நேஷனல் கிரிக்கெட் காம்புக்கு ஆள் பாக்க வந்திருக்கீங்க, பந்து போட்டு காட்டாம அனுப்புவேனா. மொதல்ல டீ குடிங்க. செங்கம் ரோடு திரும்பறதுக்குள்ள உயிர் போயிருக்குமே. ஞாயித்துக்கிழமைன்னா ஆந்திராகாரங்க கிரிவலம் சுத்த பஸ் பஸ்ஸா வந்துர்றாங்க.

ஆமா, மேல ரூமுங்க எங்களுதுதான். ஒண்ணுல பிரெஞ்சுக்காரம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஆசிரமத்துக்குப் போவாங்க, வருவாங்க. மௌன விரதம். வாடகைக்கு விட்டதுலருந்து அவங்க கொரல நாங்க கேட்டதே இல்ல.

பாத்தேன் மேடம். நம்ம டீம் வெளிநாட்டுல ஆடின மூணு மேட்சும் பாத்தேன். அங்க மேட்ச் ஆரம்பிக்கும்போது இங்க விடியாது, பாப்பாவுக்குப் பால் கலக்கற நேரம். சவுண்ட் இல்லாம வச்சிப் பாப்பேன். நம்ம பொண்ணுங்க ஓடி வராங்க, போடறாங்க, அந்த ஊர் பொண்ணுங்க நின்ன எடத்துலருந்தே தூக்கி அடிக்கறாங்க. நாலு பேர் ஃபாஸ்ட் போட்டாங்கல்ல, எனக்கு நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி இருந்துது. முதுகுல நம்பர் பாத்துதான் யார்னு தெரிஞ்சிக்கினேன். அவங்க தப்பு இல்ல அது. எல்லாரும் நம்ம காம்புல வந்தவங்கதான.

கோவமா சொல்லல மேடம். கோவம்லாம் வரல.

எனக்கு அப்ப ப்ளஸ் ஒன். எங்க கான்வென்ட்ல கிரவுண்டுன்னு பேரு, பாதி எடத்துல ஸ்கூல் வேன்ங்க நிக்கும். நேரா ஓடி வர எடமே இல்ல. வேனுக்குப் பின்னாலருந்து கெளம்பி வளைஞ்சி வருவேன். பேட் புடிக்கறவளுக்கு நான் எங்கருந்து வரேன்னே தெரியாது, திடீர்னு முன்னால நிப்பேன். பந்து உள்ள திரும்பும். ஏன் திரும்புதுன்னு எனக்கும் தெரியாது. பி.டி. சிஸ்டருக்கு த்ரோபால தவிர ஒண்ணும் தெரியாது. மணிமொழி, யார் மூக்கையும் ஒடைச்சிடாதம்மான்னு மட்டும் சொல்லுவாங்க. அதான் எனக்குக் கெடச்ச கோச்சிங்.

ஞாபகம் இருக்குதா உங்களுக்கு? காம்புக்கு வந்த மொத நாள், என் பந்துக்கு ஸ்பீடு மிஷின் காட்டுனதப் பாத்துட்டு எல்லாரும் கிட்ட வந்து நின்னாங்க. இந்தியாவுக்கு இதுதாம்மா இல்லன்னு பெரிய கோச் சொன்னாரு. அடுத்த நாள் காலைல, நேரா ஓடி வா, இல்லன்னா முதுகு போயிடும்னாரு. நேரா ஓடினேன். அடுத்த வருஷம் வேற கோச், குதிக்கறது ஜாஸ்தின்னாரு. கொறைச்சேன். அதுக்கப்புறம் ஒரு மேடம் வந்து மணிக்கட்டு சாயுதுன்னாங்க. அதையும் நிமித்தினேன். நீங்க அப்ப வீடியோ பாத்துக்கற வேலைல இருந்தீங்க. ஓரமா லேப்டாப் வச்சிக்கினு, ஒரு வெளிநாட்டுப் பொண்ண ஒரு பக்கம், என்ன ஒரு பக்கம் வச்சி, மஞ்சள் கலர்ல கோடு போட்டுக் காட்டுவீங்க. நல்லாதான் காட்டுவீங்க. பாத்தா எனக்கே நான் தப்பா தெரிவேன். கடைசில ரெண்டு கோடும் ஒண்ணா சேந்துடுச்சி, கைதட்டினீங்க. பந்து போடற ஆக்‌ஷன்ல ஒரு கொறை இல்ல. ஸ்பீடும் இல்ல.

பெரிய கோச் தோள்ல தட்டி வீட்டுக்கு அனுப்பினாரு. நல்ல பொண்ணு, சொன்ன பேச்சு கேப்பான்னாரு.

கீதாஞ்சலின்னு ஒருத்தி இருந்தா பாருங்க, போளூர் பொண்ணு. மாத்த மாட்டேன், எங்க ஊர்ல இப்படித்தான் எல்லாரையும் அவுட்டாக்கினேன்னு நின்னுட்டா. அவள ரெண்டாவது வாரமே மூட்டை கட்ட சொல்லிட்டாங்க. இப்ப போலீஸ்ல இருக்கா. டிபார்ட்மென்ட் டீம்ல இன்னமும் அதே மாதிரி கை கால உதறிக்கினு போடறாளாம். அவளக் கேட்டீங்களா?

ஓ. வர மாட்டேன்னுட்டாளா. சொல்லுவா அவ.

ஐயோ, நீங்க ஏன் மேடம் சாரி சொல்றீங்க. உங்கள யார் குத்தம் சொன்னாங்க. பழைய வீடியோவ தேடி எடுத்து, இந்தப் பொண்ணு வேணும்னு வந்திருக்கீங்க. இனிமே யார் ஓட்டத்தையும் நேர் பண்ண மாட்டோம், வர்றவங்கள வந்த மாதிரியே வளப்போம்னு சொல்றீங்க. நல்ல விஷயம். பின்னாடி வர்ற பொண்ணுங்களுக்கு நல்லது. அந்தப் பழைய ஓட்டம் கால்ல இருக்குதான்னு எனக்குத் தெரியல. ஆனா வரேன் மேடம். வரேன்னு போன்லயே சொல்லிட்டேனே.

சிரிக்கறாங்க பாருங்க எங்க அத்தை, சமையல் ரூம்ல. அவங்களுக்கு நான் போறது பிடிக்கலன்னு இல்ல, நல்லவங்க. நேத்து காய்க்காரம்மாகிட்ட சொல்லிக்கினு இருந்தாங்க. எங்க மருமவளுக்கு புள்ளய தூக்கனா கை வலிக்குமாம், பந்து போட்டா வலிக்காதாம், எந்த ஊரு கைடி இதுன்னு. நான் வாசல்லதான் நின்னேன். தெரிஞ்சேதான் சொன்னாங்க. சரியாத்தான் சொல்றாங்க.

பாப்பாவக் கூட்டினு வரலாமா? எப்போ மாத்தினாங்க ரூல? தனி ரூம், பாத்துக்க ஒரு ஆயா. பரவால்லயே. எங்க காலத்துல கல்யாணம்னாலே பேர அடிச்சிடுவாங்க. இல்ல மேடம், எனக்கு வேணாம். அவ இங்கயே இருக்கட்டும். நான் மட்டும் வரேன்.

பவுடர் பால்தான். ரெண்டாவது மாசமே பழகிட்டா.

யாரும் சொல்லித் தரல. எங்க வீட்டுக்காரர் கூட்டினு போன்னுதான் சொல்றாரு.

என்ன அத்தை? கடைக்கா? சரிங்க அத்தை. தூங்கறா, தூளியிலதான் இருக்கா. ம்.

போயிட்டாங்க. கேட் சாத்தற வரைக்கும் இருங்க மேடம்.

கைல ஒண்ணும் இல்ல. இந்தாங்க, கட்ட அவுத்துட்டேன், அமுத்திப் பாருங்க. எங்க வேணா அமுத்துங்க. ஒரு நாளும் வலிச்சதில்ல.

பொறந்ததுலருந்தே அவளப் பாத்தா எனக்கு ஒண்ணும் தோணல மேடம். எல்லாரும் அவ மூஞ்சியப் பாத்ததும் சிரிக்கறாங்க, நானும் சேந்து சிரிப்பேன். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க, கொஞ்சம் புடிங்கன்னு குடுத்த புள்ள மாதிரி இருக்கா. எறங்கும்போது வாங்கிக்குவாங்கன்ற மாதிரி. நாளாக நாளாக வந்துடும்னு இருந்தேன். போன மாசம் அத்தை கீழ்பென்னாத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. அவங்கதான் டெய்லி கால் நீட்டி வச்சிக் குளிப்பாட்டுவாங்க, எனக்கு வராது. அன்னிக்கி நான் டப்புல தண்ணி ஊத்தி ஒக்கார வச்சேன். எண்ணெ வழுக்கி சாஞ்சிட்டா. தலை உள்ள போயிடுச்சி. கை பக்கத்துலதான் இருந்துது, இந்தக் கை. நான் பாத்துக்கினு இருந்தேன். கோவம் இல்ல, அழுகை இல்ல. டிவில மேட்ச் பாக்கற மாதிரி. தண்ணிக்குள்ளருந்து கண்ணத் தொறந்து என்னையே பாத்தா.

மாடில பிரெஞ்சுக்காரம்மா எதையோ கீழ போட்டாங்க. ஏதோ தட்டு. அந்த சத்தத்துலதான் தூக்கினேன்.

ஒண்ணும் ஆகல. இருமினா, அழுதா. தலை தொவட்டி, பவுடர் போட்டு, மை வச்சேன். இவர் வந்து என்ன இன்னிக்கி பாப்பா பளபளன்னு இருக்கான்னாரு.

அன்னிக்கி சாயங்காலமே கை வலிக்குதுன்னு சொல்லிட்டேன். அதுலருந்து அவங்கதான் தூக்கறாங்க, அவங்கதான் குளிப்பாட்டறாங்க. ஆனா கை வலின்னு எத்தன மாசம் ஓட்ட முடியும்? எக்ஸ்ரே எடுக்கணும்ங்கறாரு. அந்த நேரத்துலதான் உங்க போன் வந்துது. மெட்ராஸ் நம்பர்னு பாத்ததும் எனக்கு ஓடி வந்து எடுக்கத் தோணிச்சி. ரொம்ப நாளுக்கப்புறம் ஏதோ தோணிச்சி.

காம்பு ஆறு மாசம்னீங்க. ஜாஸ்தி ஆக்க முடியுமா? டீம்ல எடுக்கலன்னாலும் பரவால்ல. நெட்ல பந்து பொறுக்கிப் போடறேன்.

பாப்பா அழற சத்தம் கேக்குதா மேடம்?

எழுந்துட்டா. இருங்க, அத்தை தெருமுனைலதான் இருப்பாங்க. இல்ல, அதுக்குள்ள வர மாட்டாங்க. நீங்க போய் அவளக் கொஞ்சம் தூக்கறீங்களா? கழுத்து நின்னுடுச்சி, பயப்படாம தூக்கலாம். நான் இங்கயே நிக்கறேன்.