மூணாம் கூப்பாடு

– ரெண்டா, மூணா? அதை மட்டும் சொல்லுங்க சுப்பராயன்.

– இன்னாம்மா இது, வந்ததும் வராததுமா! கோர்ட்டுல டவாலியா இருந்து ரிட்டயராயி, இந்த இரும்பு கம்பெனி கேட்டாண்ட செக்யூரிட்டியா குந்திக்கினு கீறேன். இங்கயும் வந்து குறுக்கு விசாரணையா? மொதல்ல நெழல்ல குந்துங்கம்மா.

– உட்கார நேரமில்ல. மூணு மணிக்கு எனக்குக் கிளாஸ்.

– அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க.

– என்னைக்கு?

– கொஞ்சம் இருங்கம்மா, லாரி வருது. ஏ டிரைவரு! ஆரன அமுக்காத, கம்பிய தூக்கறேன் இல்ல? பில்லக் காட்டு. சரி, போ, போ. லெஃப்ட்ல எடை மேடை. ஆங், இன்னாம்மா கேட்டீங்க?

– ஆசீர்வாதம் கேஸ். எளாவூர் செக்போஸ்ட் கிட்ட லாரி மோதி அவர் சம்சாரம் செத்துப்போச்சே, நஷ்டஈடு கேட்டு வந்தாரு. நான் ஜட்ஜா இருந்து அதை விசாரிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. அன்னைக்கு வக்கீல்கள் எல்லாம் பாய்காட்.

– தெரியும்மா.

– வக்கீல் இல்லேன்னா கட்சிக்காரர்தானே வந்து நிக்கணும்? நீங்க வாசல்ல நின்னு மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க. ஆள் வரல. தள்ளுபடி பண்ணேன். 'மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை'ன்னு என் கைப்பட எழுதினேன். அப்புறம் லா காலேஜுக்கு கெஸ்ட் லெக்சரரா போனப்பவும் சரி, ரிட்டயராகி காலேஜே கதின்னு ஆனப்பவும் சரி, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இந்தக் கேஸைத்தான் சொல்றேன். சட்டத்துக்கு எவ்வளவு மனசிருந்தாலும், வராத ஆளுக்கு அதால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு. பசங்க கை தட்டுவாங்க.

– தட்டுவாங்க, தட்டுவாங்க.

– நேத்து ஒரு பொண்ணு தட்டல. ஜெனிபர்னு, கடைசி வருஷம். எழுந்து நின்னு, 'மூணு தடவை கூப்பிட்டதுக்கு உங்க கையெழுத்தைத் தவிர வேற சாட்சி இருக்கா மேடம்?'ங்கறா. எனக்கு அதுக்கப்புறம் சோறே எறங்கல.

– சின்னப் பொண்ணு, இன்னாவோ கேட்டுட்சு. வுடுங்க.

– எப்படி விடறது? சாட்சி இருக்காரு, வான்னு கூட்டிட்டே வந்துட்டேன். அதோ கார்ல இருக்கா. அவ முன்னாடி 'மூணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.

– மோர் குடிக்கறீங்களாம்மா?

– சுப்பராயன்!

– அன்னிக்குதாம்மா உங்களுக்கு காலேஜுல மொத கிளாஸு. மயில் கழுத்து கலருல புதுப் பொடவ. கடியாரத்தையே பாத்துக்கினு இருந்தீங்க. ரெண்டு தடவ கூப்ட்டேன். மூணாவதுக்கு மூச்ச இழுக்கறேன், நீங்க பைல மூடிட்டு எழுந்துட்டீங்க. ஜட்ஜு எழுந்துட்டா டவாலி இன்னா பண்ணுவான்? முன்னால நடப்பான். நடந்தேன்.

– இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூணு.

– சொல்லிச் சொல்லி மூணாயிட்சும்மா.

– சரி, ரெண்டோ மூணோ, அவர் வரலையே! வந்திருந்தா கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கலாமே? முப்பது நாள் டைம் இருந்துதே! ஏன் போடல?

– உங்கள காருல ஏத்தி வுட்டுட்டு மேல போனேன். மனசு ஒப்பல. முப்பத்தோரு வருச சர்வீசு, ஒரு பேரக்கூட நான் கொறையா வுட்டதில்லம்மா. ஆளே இல்லாத வராண்டாவுல நின்னுக்கினு மூணாவது தடவ கூப்ட்டேன்.

– யார் கேக்கறதுக்கு?

– 'இருக்கேன்யா'ன்னு படிக்கட்டுலேர்ந்து கொரல் வந்துச்சு.

– யாரு?

– ஆசீர்வாதம்தான். அதே லாரியில காலு போனவரு இல்ல? கக்கத்துல கட்டைய வெச்சிக்கினு ரெண்டாவது மாடி ஏறிக்கினு இருந்தாரு. ரெண்டு கூப்பாட்டுல ஏற முடியலம்மா அவரால.

– ஐயோ.

– 'முடிஞ்சிபோச்சு, ஊட்டுக்குப் போ'ன்னுட்டேன். மனு போடுன்னு சொல்லியிருக்கணும். சொன்னா ரெண்டு தடவதான் கூப்ட்டதுன்னு வெளிய வந்துரும், உங்களுக்கு பேஜாராயிடும்னு வாய மூடிக்கினேன். பாவி நான்.

– நீங்க இல்ல, நான். அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. அவகிட்ட நானே சொல்றேன். கிளாஸ்லயும் சொல்றேன்.

– யோசிச்சுக்கோங்கம்மா. பேரு கெட்டுப் பூடும்.

– கூப்பிடுங்கன்னா!

– ஜெனிபர்! ஜெனிப...

– வாணாம் ஐயா, இந்த செவுத்துக்கு அந்தாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டேன்.

– ஜெனிபர், நேத்து நீ கேட்டதுக்கு...

– காலேஜு அப்புறம் மேடம், என்னை எளாவூர்ல எறக்கி வுடுங்க. அந்த ஆசீர்வாதம் எங்கப்பாதான். அன்னிக்கு சாயங்காலம் குடிச்சிட்டு வந்து, 'கூப்ட்டாங்க, இருக்கேன்னு சொன்னேன்'னு அழுதாரு. கோர்ட்டு காயிதத்துல 'ஆஜராகவில்லை'ன்னு போட்டிருந்துச்சு. கோர்ட்டுக்கே போகாம பொய் சொல்றாருன்னு, அன்னிலேர்ந்து நான் அவர ஒரு தடவ கூட அப்பான்னு கூப்டதில்ல.