வைரக்கண்ணு வீட்டு மோட்டார்

அதத் தொடாதீங்க தம்பி! தொட்டீங்கன்னா ஷெட்டுக் கதவு தலையில விழும். கீல் கெடையாது அதுல. சைக்கிள் செயின அறுத்துக் கட்டி வச்சிருக்காரு எங்கப்பா. கீல் வாங்க வக்கில்லாம இல்ல. வாங்கத்தான் செஞ்சாரு. வர்ற வழியில யாரு வீட்டுக் கதவோ ஆடுதுன்னு அங்க அடிச்சிக் குடுத்துட்டு வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தாரு. நீங்க கூத்தாநல்லூர்தானே? வைரக்கண்ணுன்னா உங்க ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியும்.

மோட்டார்தானே, பாருங்க பாருங்க. சுவிட்ச போட்டா உம்முனு மொனகும், சுத்தாது. கண்டன்சர் போயிருச்சுன்னு சொல்லப் போறீங்க. போகல தம்பி. குடுத்தாச்சு! உங்க ஊர்ல அரிசிக் கடை வச்சிருக்காரே சித்தீக் பாய், அவரு பொண்ணு நிக்காஹ் அன்னைக்கி. பிரியாணிக்கு அடுப்பு மூட்டியாச்சு, மோட்டார் ஓடல. ஞாயித்துக்கெழம, ஒரு கடை இல்ல. எங்கப்பா நேரா வீட்டுக்கு வந்தாரு, இதுல இருந்த கண்டன்சரக் கழட்டுனாரு, போயிட்டாரு. நான் தலை நெறைய சீயக்காயோட நிக்கிறேன். கொழாயில காத்து வருது.

பாய் நல்ல மனுசன், மறுநாளே புதுசு வாங்கிக் குடுத்தாரு. அது இங்க வந்து சேரணுமில்ல? நடுவுல யாருக்கோ நாத்தங்கால் காயிதுன்னு அந்த மோட்டாருக்கு... ம். சொல்லி என்ன.

பொறவு எப்பிடி ஓட்டுனோமா? குச்சியாலதான். கண்டன்சர் குடுக்குற மொதத் தள்ள குச்சி குடுத்துச்சு. அந்தா, பின்னாடி காத்தாடி தெரியிதா? அதுக்கு மேல மூடியே கெடையாது, கழட்டிப் போட்டாரு. அவரு சுவிட்சுகிட்ட நிப்பாரு, எம் பொண்ணு கவிப்ரியா குச்சியோட இங்க நிப்பா. "விடு பாப்பா!"ம்பாரு. இவ காத்தாடிய ஒரு தள்ளு தள்ளுவா, மோட்டார் புடிச்சிக்கும். உடனே தாத்தனுக்கும் பேத்திக்கும் ஒரு பெருமை பாருங்க, மேட்டூர் அணையவே இவங்க ரெண்டு பேருந்தான் தெறந்து விட்ட மாதிரி! குச்சிக்கு நுனியில துணி, கைப்புடிக்கு சைக்கிள் ட்யூப். பழசு தேஞ்சா உடனே புதுக் குச்சி வந்துரும். புதுக் கண்டன்சர் மட்டும் வராது.

டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

அவரு செத்த அன்னைக்கி நடந்ததக் கேளுங்க. திடீர்னு ஃப்ரீசர் பெட்டி நின்னு போச்சு. கொண்டாந்த ஆளு வயரப் புடிச்சி ஆட்டுறான், ஒண்ணும் நடக்கல. பின்னாடிலேர்ந்து யாரோ, "வைரக்கண்ணு அண்ணன கூப்புடுங்கய்யா"ன்னு கத்துறாங்க. அண்ணன்தான் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. அழுதுக்கிட்டிருந்த எனக்கு சிரிப்பு வந்துருச்சு தம்பி. சிரிச்சிட்டு முன்ன விட ஜாஸ்தியா அழுதேன்.

கவி இப்ப ஒரத்தநாட்டுல மாட்டு டாக்டருக்குப் படிக்கிறா, ஹாஸ்டல்ல. தாத்தா போனதுலேர்ந்து வீட்டுப் பக்கமே வரல. கேட்டா பரீட்சைங்குறா. பரீட்சையாம். நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? இந்தச் சனிக்கெழம வர்றேன்னிருக்கா. வந்தா நல்லபடியா நாலு வாளி தண்ணி வரணுமில்ல? ஒத்தையில நான் சுவிட்ச போட்டுட்டு, குச்சியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து தள்ளுறதுக்குள்ள மூட்டு கழண்டுருது. அதான் ஒங்களக் கூப்புட்டேன். எத்தன நாளைக்கித்தான் இந்தக் கூத்து...

என்ன, மாட்டிட்டீங்களா? நான் பேசிக்கிட்டே இருக்கேன்... சுவிட்ச போட்டாச்சா?

ஓடுது.

அதுபாட்டுக்கு ஓடுதே. யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம் போலருக்கு.

...தம்பி, நிறுத்துங்க. அதக் கழட்டுங்க.

கோளாறெல்லாம் இல்ல, நல்லாத்தான் மாட்டிருக்கீங்க. பக்கத்து வீட்டுப் பூவம்மாக்கா மோட்டாரும் இப்பிடித்தான் மொனகிக்கிட்டு கெடக்கு. பாவம், கொடத்தத் தூக்கிக்கிட்டு அலையிறாங்க. இத அங்க கொண்டுபோயி மாட்டுங்க. ஆமா, இதேதான். கூலிய எங்கிட்டயே வாங்கிக்கங்க... எதுக்கு சிரிக்கிறீங்க? நான் ஒண்ணும் எங்கப்பா மாதிரி கெடையாது. மனுசங்களுக்குத் தண்ணி வேணாமா?

எங்களுக்கா? எங்களுக்குக் குச்சி இருக்கு. சனிக்கெழம கவி வந்து நேரா இங்கதான் நிப்பா. வந்து பாத்தா, மோட்டார் தன்னால ஓடிக்கிட்டிருந்தா அவ என்ன செய்வா? குச்சிய அவ புடிக்கட்டும், நான் சுவிட்சுகிட்ட நிக்கிறேன். "விடு பாப்பா"ன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?

சரி, கெளம்புங்க. பூவம்மாக்கா கேட்டா எங்கப்பா அவங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்ததுன்னு சொல்லிருங்க, இல்லாட்டி வாங்க மாட்டாங்க... அய்யய்யோ தம்பி, அந்தக் கதவத் தொடாதீங்கன்னேனே!