அம்மாவின் கோப்பு

"இதுல பயப்பட ஏதாவது இருக்காடி?" என்று அக்கா மாரிகா ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்புவதில் பயப்பட என்ன இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பரிசாக அவள் வாங்கி வந்த மரபணுச் சோதனைப் பெட்டி அது. அம்மா ஹெல்மியும் சிரித்துக்கொண்டே துப்பினாள். அப்போதே அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை; விடாதே என்றும் சொல்லவில்லை. அம்மா இறந்த பிறகும் அக்கா, அம்மா இருவரின் மரபணுக் கோப்புகளும் எங்கள் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அக்கா தன் காதலன் தார்மோவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான டார்ட்டுவை விட்டுக் கடல் தாண்டி, பின்லாந்துக்குப் போவதாக முடிவாயிற்று. சனிக்கிழமை சானா என்னும் நீராவிக் குளியலுக்கு விறகு அடுக்கியபடி தார்மோ சொன்னார்: "தங்கச்சிய மடிச்சுப் பெட்டியில வச்சுக்கலாமா? சத்தமே போடாது." அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர்கள் போனால் வீட்டில் நானும் அம்மாவின் நாற்காலியும்தான்.

கிளம்புமுன் அக்காவுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது: அம்மாவின் நோய் தனக்கும் வருமா. கோப்பை ஏற்றினால் ஆபத்து மதிப்பெண்ணைத் தானே கணக்கிடும் இணையதளம் ஒன்று உண்டு. "நீயே பாத்துச் சொல்லுடி, நான் பாக்க மாட்டேன்," என்றாள்.

தளம் பெயர் கேட்டது. மாரிகா என்று அடித்தேன். கோப்பு கேட்டது, அம்மாவுடையதைக் கொடுத்தேன். உயிரோடிருப்பவரா என்று அது கேட்கவில்லை. ஏறக்குறைய எல்லோரையும்விட அதிக ஆபத்து என்று வந்தது. அக்காவில் பாதி அம்மாதானே. அதைப் பெரிய பொய்யாக நான் நினைக்கவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று தார்மோவை அவளே அனுப்பிவிட்டாள்.

பிறகு அவளுக்குச் சந்தேகம் வராதிருக்கச் சிறு உதவிகள் செய்தேன். அவள் சாவியைக் கறுப்பு ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் உப்புப் போட்ட கஞ்சியில் மறுபடி உப்புப் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை மெதுவாகக் கீழே வைப்பாள், அம்மா வைப்பது போலவே. அம்மாவின் நாற்காலியிலேயே உட்காரத் தொடங்கினாள். நான் தலைவாரி விடுவேன். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

இன்று காலை அந்தத் தளம் தானாகவே மறுகணக்குப் போட்டு அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆளின் பெயரை மாற்றிய நான் கோப்பின் பெயரை மாற்றவில்லை. மின்னஞ்சலிலும் அது ஹெல்மி என்றே இருந்தது.

"சாவியுமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். கஞ்சியும் என்றேன்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே பனி கொட்டுகிறது. அவளுடைய கையுறைகள் மேசைமேலேயே கிடக்கின்றன. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.