கண் மூடிய மாப்பிள்ளை

தவளக்குப்பத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் செல்போனில் ஒரு பழைய கல்யாண போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளையவள் கேட்டாள்.

"இன்னாக்கா, மாப்ள தூங்குறாரு?"

"நெசமாவே தூங்கிட்டாருடி. கல்யாணத்துக்கு மூணு நாள் முன்ன கடலுக்குப் போனவரு. எஞ்சின் நின்னு, ஆளு எங்க இருக்காருன்னே தெரியல. கல்யாணத்த நிறுத்திடலாம்னு அப்பா சொன்னாரு. முகூர்த்தம் வரைக்கும் பாக்கலாம்னு நான்தான் ஒக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"கல்யாணத்தன்னிக்கு விடிஞ்சதும் அவரு படக வேற படகுல கட்டி இழுத்தாந்தாங்க. குளிச்சிட்டு நேரா மணையில வந்து ஒக்காந்தாரு. தாலி கட்டி முடிச்சதும் என் தோள்ல சாஞ்சிட்டாரு."

"ஐயோ பாவம்."

"இப்ப இத பெருசு பண்ணி வீட்ல மாட்டப் போறேன். கம்ப்யூட்டர்ல கண்ணத் தெறந்து விட்டுடவான்னு ஸ்டூடியோக்காரரு கேட்டாரு. வேணாம்பா, அவரு தூங்கட்டும்னு சொல்லிட்டேன்."